மஞ்சள் தண்ணீர் குடித்த பெட்டி

விஜேந்திரனின் வாடகைக் காருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று எல்கடுவைச் சந்தியில் எல்லாரும் ஒருமனதாக முடிவு கட்டிவிட்டார்கள். சொன்னதில் தப்பும் இல்லை. ஏற்றத்தில் இருமியது, இறக்கத்தில் அணைந்தது, மழை பெய்தால் கிளம்ப மறுத்தது, நிறுத்தி வைத்தால் தன்பாட்டில் உறுமியது. பிள்ளைத்தாச்சிப் பெண்ணொருத்தியை மாத்தளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது நடு வளைவில் படுத்துவிட்டது. பின்னால் வந்த தேயிலைக் கொழுந்து லொறியில் அவளை ஏற்றிவிட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு இந்தக் காரை ஹயருக்குக் கூப்பிட எவனுக்குத் தைரியம் வரும்?

"வித்துத் தொலைய்யா" என்றார்கள் ஸ்டாண்டில். அவன் காதில் வாங்கவில்லை.

விற்கக் கூடாது என்று சொன்னவள் ரஜிதா. அவன் மனைவி. சைப்பிரஸில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போன அன்று, கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி, இந்தக் காரின் பொனட்டில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் வர்ற வரைக்கும் இத வித்துடாதீங்க. திரும்பி வர்றப்ப இங்கருந்து எல்கடுவைக்கு நான்தான் ஓட்டுவேன். நீங்க வாய மூடிக்கிட்டு பக்கத்துல உக்காந்து வரணும்." ஓட்டப் பழக்கியது அவன்தான். ஆனால் அந்த மலை வளைவுகளில் அவள் அவனைவிட அழகாக ஓட்டுவாள். அதை அவனே ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டு திரிந்தான்.

இரண்டு வருஷம் என்று போனவள். அந்த இரண்டு வருஷம் எப்போதோ முடிந்து, அதற்கு மேலும் பல வருஷங்கள் ஓடிவிட்டன. முதலில் தினமும் பேசினாள், பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில், பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். பேச்சும் வற்றிப்போனது. சாப்பிட்டியா, அங்க மழையா, உடம்பப் பாத்துக்க. இவ்வளவுதான். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் ஒற்றை ஆளுக்கு எத்தனை கறி வைப்பது? பருப்பும் சம்பலுமாக நாளைத் தள்ளினான். நாள் முழுக்க அவன் வாய்திறந்து பேசியது காரோடுதான். அது ஓடினால், அவள் வந்து இறங்கும் நாளில் அது ஓடினால் போதும். அவனுக்கு வேறு எந்த ஆசையும் இருக்கவில்லை.

அதனால்தான் கைக்கு வந்த மெக்கானிக்குகளிடமெல்லாம் கொண்டுபோனான். ஒருத்தன் பிளக்கை மாற்றினான், இன்னொருத்தன் பெற்றோல் பம்பை மாற்றினான். மூன்றாமவன் ஒரு படி மேலே போய், "கண்ணு பட்டிருக்கு, எலுமிச்சம்பழம் கட்டுங்க" என்றான். எலுமிச்சம்பழம் கட்டிய மறுநாள் கார் அசையவே மறுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு அலுவிகாரையில் அன்ஸாப் நானாவின் கராஜுக்கு வந்து சேர்ந்தான்.

அன்ஸாப் வாயாடி. ஆனால் வேலையில் அவசரப்படாத மனிதர். ஸ்கேன் மெஷினின் வயரைக் காருக்குள் சொருகிவிட்டு, திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"பிரேக் பேசுது, ஸ்டியரிங் பேசுது. இஞ்சின நடத்துற கம்பியூட்டர் பெட்டி மட்டும் கூப்பிடக் கூப்பிட வாயத் தொறக்குதில்ல விஜே. சம்சாரத்தோட கோவிச்சவன் மாதிரி ஈக்கி."

பெட்டிக்குக் கரண்ட் போகிறதா என்று வயர் வயராகச் சோதித்தார். போகிறது. அப்படியென்றால் கோளாறு பெட்டிக்குள்தான். பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தகரப் பெட்டியைக் கழற்றி, வயர் சொருகும் வாயைத் திறந்ததும் அவர் முகம் மாறியது. உள்ளே ஊசிகளெல்லாம் பச்சையாகக் களிம்பேறிக் கிடந்தன. மூடியை நெம்பினார். தகட்டின் மேல் திட்டுத் திட்டாக மஞ்சள் கறை. விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

"இதென்ன, கறி ஏதும் ஆக்கினீங்களா உள்ளுக்கு? மஞ்சள் வாட அடிக்குது!"

"ஆயுத பூஜைக்கு ஊத்தினது, நானா" என்றான் விஜேந்திரன் மெல்ல.

ரஜிதா இருந்த காலத்தில் அந்தப் பூஜையை அவள்தான் செய்வாள். காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மஞ்சள் தண்ணீரில் மாவிலையை நனைத்து பொனட்டிலும் டயரிலும் நாலு சொட்டுத் தெளிப்பாள், அவ்வளவுதான். அவள் போன பிறகு அது இவன் தலையில் விழுந்தது. வெறும் தகரத்துக்குத் தெளித்து என்ன பிரயோசனம், இஞ்சின்தானே காருக்கு உயிர் என்று இவனுக்கு ஒரு ஞானம் பிறந்தது. பொனட்டைத் தூக்கி, செம்பு நிறைய மஞ்சள் தண்ணீரை அப்படியே அபிஷேகம் மாதிரி ஊற்றினான். அவள் சீக்கிரம் வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஊற்றினான். அவள் வராத ஒவ்வொரு வருஷமும் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினான்.

"அட பாவி மனுசா! சாமி கும்பிட்டே கொன்னுட்டீங்களே!" அன்ஸாப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு விஜேந்திரனின் முகத்தைப் பார்த்து, சிரிப்பைப் பாதியில் விழுங்கிக்கொண்டார். "சரி, வுடுங்க. இதே நம்பர்ல வேற பெட்டி கொழும்பில கெடைக்கும். மாத்திரலாம்."

எங்கேயோ அடிபட்டு நொறுங்கிய ஒரு காரிலிருந்து கழற்றிய பெட்டி கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தது. அன்ஸாப் அதைப் பூட்டி, பழைய வயர்களைத் துடைத்துச் சொருகினார். சாவியைத் திருகினால் இஞ்சின் சுற்றியதே தவிரப் பற்றவில்லை. டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட ஒரு சின்ன விளக்கு மட்டும் கண்ணைச் சிமிட்டியது.

"இது வேற வூட்டுப் பெட்டி. ஒங்கட சாவிய இதுக்கு அடையாளம் தெரியாது. நாமதான் அறிமுகப்படுத்தி வைக்கோணும்" என்றார் அன்ஸாப். "அதுக்குண்டான மெஷின கண்டியிலருந்து எரவல் வாங்கி வந்தீக்கேன். மொத்தம் எத்தன சாவி ஈக்கி? எல்லாத்தையும் ஒரே தடவையில காட்டிடணும். காட்டாத சாவியால கதவத் தொறக்கலாம், இஞ்சின எழுப்ப ஏலாது."

"ரெண்டு. ஒன்னு அவகிட்ட."

ஆமாம், ரஜிதா போகும்போது தன் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டுதான் போனாள். அதை நினைத்ததும் விஜேந்திரனுக்குக் குப்பென்று ஒரு சந்தோஷம். வெட்கம் கெட்ட சந்தோஷம்தான், ஆனாலும் சந்தோஷம். சாப்பிட்டியா, மழையா என்பதற்கு மேலே பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டதே! தீபாவளியும் இல்லாமல் பொங்கலும் இல்லாமல் அவளைக் கூப்பிட ஒரு நியாயம் இருக்கிறதே! கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினான். ஃபோனில் முகம் தெரியப் போவதில்லை, இருந்தும் தலையைக் கோதிக்கொண்டான். பஸ் இரைச்சல் கேட்காத பக்கமாக, கராஜின் பின்புறம் போய் நின்று அழைத்தான்.

"என்னங்க, திடீர்னு? உடம்புக்கு ஏதும் முடியலயா?"

"அதெல்லாம் ஒன்னுமில்ல. சாவி ஒங்கிட்டதானே இருக்கு?"

"எந்தச் சாவி?"

அவன் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தான். அவள் பெயர்தான் இருந்தது.

"கார் சாவி. நீ கொண்டுபோனியே."

"கார் சாவியா..." என்று இழுத்தாள். அவள் நினைத்துப் பார்க்கிறாள் என்று புரிந்தது.

"அந்தக் கார இன்னுமா வச்சிருக்கீங்க?"

அவள் கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். பழைய குடை ஒன்றைப் பற்றி விசாரிப்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டாள். "அத ஏங்க கட்டிக்கிட்டு மாரடிக்கிறீங்க? சாவியெல்லாம் ரூம் மாறினப்பவே எங்கயோ போயிருச்சு. வித்துப்போட்டு ஒங்க பாட்டுக்கு நல்லா இருங்க."

ஒங்க பாட்டுக்கு. அவள் நல்லதாகத்தான் சொன்னாள். அந்த இரண்டு வார்த்தையும் அவன் நெஞ்சில் போய் அப்படியே நின்றுகொண்டன. அவளிடம் கேட்க எத்தனையோ இருந்தது. அவன் கேட்டதோ, "சாப்பிட்டியா?"

"ஆச்சு. நீங்க?"

"ம்."

"சரிங்க, அந்தக் கெழவி கூப்பிடுது. வைக்கிறேன்."

அவன் திரும்பி வந்தபோது அன்ஸாப் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "என்ன, சாவி எப்ப வருமாம்? ரெண்டு மூணு நாளெண்டா மெஷின வச்சிக்கிட்டுப் பொறுக்கலாம்."

"வரமாட்டா நானா" என்றான் விஜேந்திரன்.

அவர் கேட்டது சாவியை. அவன் சொன்ன பதில் சாவிக்கானதல்ல என்று அவன் வாயிலிருந்து வந்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவன் மனதுக்குள்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை. அன்ஸாப் அவன் கையிலிருந்த ஒற்றைச் சாவியை மட்டும் வாங்கி மெஷினுக்குக் காட்டினார், சில பொத்தான்களை அழுத்தினார், விளக்கு சிமிட்டுவதை நிறுத்தியது.

"ஏறி ஸ்டார்ட் பண்ணுங்க."

திருகியதும் கார் பற்றிக்கொண்டது. இருமல் இல்லை, உதறல் இல்லை. விஜேந்திரன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, பக்கத்து சீட்டைப் பார்க்காமல், சின்னப் பிள்ளைபோல அழுதான். கார் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இனி அதை எதற்காக எல்கடுவைக்கு ஓட்டிப்போவது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.