இருளாயியின் கிரீடம்

பாண்டிய மன்னன் ஒருவனின் கிரீட வளையம் இருளாயியின் தலையில் ஏறியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். இன்றுவரை இறங்கவில்லை. திருமங்கலத்துக்கு மேற்கே கண்மாய் தூர்வாரும் நூறு நாள் வேலையில் அவள் மண் சுமந்துகொண்டிருந்தாள். சும்மாட்டுத் துணி சேற்றில் விழுந்துவிட்டது. மண்ணில் தட்டுப்பட்ட ஒரு வளையத்தை ஏதோ பழைய அண்டாவின் விளிம்பு என்று நினைத்துத் தலையில் வைத்து, அதன்மேல் கூடையை ஏற்றிக்கொண்டாள். மதியக் கஞ்சிக்கு உட்கார்ந்தபோது கழற்றப் பார்த்தாள், வரவில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் கூட இருந்த பெண்களுக்குக் கண் கூசியது. பொன். சுற்றிலும் இரட்டை மீன்கள். சோப்புப் போட்டார்கள், விளக்கெண்ணெய் தடவினார்கள். தாசில்தார் வந்து மதுரை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே அவளைச் சம்மதிக்கவைத்து மொட்டையடித்தும் பார்த்தார்கள். வளையம் இன்னும் வாகாக உட்கார்ந்தது. நகை ஆசாரியின் அரம்தான் தேய்ந்தது.

தொல்லியல் அதிகாரி அனந்தநாராயணன் கெட்டவர் அல்ல. அந்தப் பொன்னைப் பார்த்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. “ஏம்மா, ராஜா தலையில இருந்தது. மண்ணு சுமக்கிற தலையிலயா இருக்கணும்?” என்றார், அழாத குறையாக.

“அந்த ராஜா கண்மாய் வெட்டுனப்ப மண்ணு சுமந்தது யாரு சார்? எங்காளுகதான?” என்றாள் இருளாயி. எந்த ஆபீசிலும் நின்றே பேசிப் பழகியவள், அன்றைக்கு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துதான் பேசினாள்.

அருங்காட்சியகத்து அறை ஒன்றில் கட்டில், ஃபேன், காவல் எல்லாம் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். சில நாள் பொறுத்தாள். வீட்டில் ஆடுகள் கத்துமே என்று நினைப்பு வந்ததும் எழுந்து வாசலுக்கு நடந்தாள். காவலர் செல்வக்குமார் குறுக்கே வந்தார். “கிரீடம் வெளிய போகக் கூடாதும்மா. ஆர்டர்.”

“கிரீடம் கவருமெண்டுது. தலை என்னுது. கிரீடத்த நிப்பாட்டிக்கிருங்க, நான் போறேன்.”

செல்வக்குமார் யோசித்தார். அவளை நிறுத்தச் சொல்லி உத்தரவு எதுவும் இல்லை. வழிவிட்டார். கிரீடத்தைக் காக்கச் சொல்லி உத்தரவு இருந்ததால், பின்னாலேயே போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

இப்போதும் அவள் வேலைக்குப் போகிறாள். அவர் கருவேல நிழலில் காவல் இருக்கிறார். முன்பெல்லாம் செருப்பைக் கையில் பிடித்துக் கடந்த மேலத்தெருவில் செருப்புச் சத்தம் கேட்க நடக்கிறாள். முதலில் முறைத்தவர்கள் பிறகு பழகிக்கொண்டார்கள். அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டி காலியாக இருக்கிறது. அதில் அனந்தநாராயணன் தன் கையாலேயே எழுதி ஒட்டிய அட்டை: “பாண்டியர் காலப் பொன்வளையம். இருளாயி அம்மாள் தலையில் உள்ளது. பார்க்க விரும்புவோர் திருமங்கலம் பஸ் ஏறவும். வேலை நேரத்தில் தொந்தரவு செய்யக் கூடாது.”