கடவுள் சாயங்காலம்தான் பேசுவார்

என் வீட்டுக்காரருக்குக் கடவுள் உத்தியோகம். டிவியில் ஓடும் புராணத் தொடரில் வானத்திலிருந்து தீர்ப்புச் சொல்லும் குரல் அவருடையது. முகம் கிடையாது. திரையில் ஒரு வெளிச்சம் வரும், கூடவே அந்தக் குரல் வரும். கேட்டு ஊரே நடுங்குகிறதாம். வீட்டில் பால் பாக்கெட் வாங்கி வரச் சொன்னால் கடவுளுக்குக் காது கேட்காது.

அதில் ஒரு தொழில் ரகசியம் உண்டு. காலையில் இவர் குரல், வங்கியில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிறவர் குரல் மாதிரி இருக்கும். பகலெல்லாம் ஸ்டுடியோவில் அடியாட்களுக்கும் அசுரர்களுக்கும் கத்தித் தீர்த்து, தொண்டை நார்நாராகக் கிழிந்த பிறகுதான் கடவுளைப் பதிவு செய்வார்கள். "தொண்டை இன்னும் பழுக்கல சார், இன்னொரு அசுரனை முடிச்சுட்டு வாங்க" என்பாராம் சவுண்டு இன்ஜினியர். வீட்டுக்கு வரும்போது குரலில் மிச்சம் மீதி எதுவும் இருக்காது. எனக்குச் சைகைதான். நான் பொரிந்து தள்ளுகிற நேரத்தில்கூடப் பதிலுக்கு ஒரு வார்த்தை கிடைக்காத குடித்தனம் இது.

இவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், ஆஸ்பத்திரியில் கிடந்தார். இதய வால்வு பழுது. ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வார், தள்ளிப்போட்டால் தாங்காது என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். அண்ணியோ சம்மதிக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். காரணம் என் வீட்டுக்காரர்தான். அதாவது, கடவுள்.

போன வாரத் தொடரில், படுக்கையில் கிடந்த மாமியாரைத் தனியே விட்டுப்போன மருமகளைப் பார்த்துக் கடவுள் சொன்னார்: "அவள் திணறிய மூச்சை நீயும் திணறுவாய். தப்பிக்க வழி தேடாதே."

அண்ணி அதை ஆஸ்பத்திரி டிவியில் பார்த்திருக்கிறார். பல வருஷத்துக்கு முன்னால் அவரும் நோயாளி மாமியாரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போனவர். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அந்தம்மா மூச்சுத்திணறி, போய்ச் சேர்ந்திருந்தார். இப்போது அண்ணிக்கும் மூச்சுதான் திணறுகிறது.

"அக்கா, அதுக்கு நான் குரல் மட்டும்தான் குடுத்தேன். எவனோ டீ குடிச்சுக்கிட்டே எழுதின வசனம்" என்று இவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"குரல் உன்னுதுதான்டா. தீர்ப்பு உன்னுதா?" என்று கேட்டுவிட்டு அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "சொன்ன வாயாலயே மன்னிச்சேன்னு சொல்லித் தொலைங்களேன்" என்றேன். மறுநாள் காலையிலேயே இருவரும் போனோம். அங்கேதான் கோட்டை விட்டோம். தொழில் ரகசியம் தெரிந்த நானே அதை மறந்துவிட்டேன். இவர் ஜன்னல் திரைக்குப் பின்னால் போய் நின்று, நெஞ்சை நிமிர்த்தி, "மகளே, உன்னை மன்னித்தோம்" என்றார். நன்றாகத் தூங்கி எழுந்த தொண்டை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டது போலவே இருந்தது. நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அண்ணியும் சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சு முட்டலாகி, ஆக்ஸிஜன் வைக்கும்படி ஆயிற்று.

"போடா கோமாளி. போய் வேலையைப் பாரு" என்றார் முகமூடிக்குள்ளிருந்து.

அன்று சாயங்காலம் நான் மட்டும் கட்டிலருகே இருந்தேன். நாளைக்குள் முடிவு சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கெஞ்சிக் கெஞ்சி எனக்கும் வாய் வலித்துவிட்டது. இவர் ஸ்டுடியோவிலிருந்து நேராக வந்தார். சட்டை கசங்கிக் கிடந்தது, கண் உள்ளே போயிருந்தது. இனி நடிக்கத் தெம்பில்லை. ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அக்கா, போதும்க்கா" என்றார்.

எனக்கே உடம்பு சிலிர்த்தது. வானத்திலிருந்து வருகிற அதே குரல். அண்ணி பதறி எழுந்து உட்காரப் பார்த்தார்.

"என் மாமியார் என்னை மன்னிச்சுட்டாங்களா?"

தம்பியிடம் இப்படிக் கேட்க மாட்டார். அந்தக் குரலிடம்தான் கேட்டார். ஆமாம் என்று சொல்லுங்கள் என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன். ஒரே ஒரு வார்த்தை போதும். இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியலக்கா. நீ பண்ணது தப்புதான். அவங்க மன்னிச்சாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீயும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

நான் என்ன செத்தா போய்விட்டேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அண்ணி இவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஏன்டா குரல் இப்படிக் கிடக்கு?"

"அசதிக்கா. நாள் பூரா கத்தினா இப்படித்தான் ஆகும்."

"அன்னைக்கு டிவியில வந்தப்பவும் இப்படித்தானா?"

"எப்பவுமே இப்படித்தான். எல்லாத்தையும் முடிச்சு, இனிமே முடியாதுன்னு ஆனப்புறம்தான் கடவுளைப் பேச விடுவாங்க."

அண்ணியின் கண் கலங்கியது. கையை நீட்டி இவர் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"அசதியைப் போய் நான் கோபம்னு நினைச்சுட்டேன்டா" என்றார்.

பிறகு என்னைப் பார்த்து, "இவனுக்குக் கொஞ்சம் வெந்நீர் குடும்மா. அப்புறம் அந்த டாக்டரை வரச் சொல்லு" என்றார்.