மின்தடை நாளில் எடுத்த படம்

தெருவே மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருந்தது. குருசாமி ஒருவன்தான் சந்தோஷமாக இருந்தான். பக்கத்துத் தறிக்கூடம் ஓடினால் அவன் வீட்டுத் தரையும் சேர்ந்து அதிரும். மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்துகிற அன்றைக்குத்தான் அது சும்மா கிடக்கும். அவனுடைய கேமராவுக்கு ஒரு முழு விநாடி அசையாத தரை வேண்டும்.

அந்தக் கேமராவைப் பார்த்தால் நீங்களும் சிரிப்பீர்கள். மரப்பெட்டி, நடுவில் ஆர்மோனியம் மாதிரி ஒரு துருத்தி, பின்னால் பால்கண்ணாடி. உள்ளங்கை அகலப் பிலிம் தாள் ஒன்றைச் செருகினால் ஒரே ஒரு படம். தாலுகா ஆபீஸ் கிளார்க்குக்கு இந்தக் கூத்து எதற்கு என்று ஊரே கேட்டது. எதிர்வீட்டுக் கோமதிநாயகம் அண்ணாச்சி, "இதுல பாஸ்போர்ட் சைஸ் எடுப்பீரா வே?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். குருசாமி அசரவில்லை. இளையரசனேந்தல் கரிசல்காட்டுக்கும் மேலநீலிதநல்லூர் வேப்பமரத்துக்கும் பஸ்ஸில் அதைச் சுமந்துகொண்டு அலைந்தான். கறுப்புப் போர்வைக்குள் தலையை விட்டு, கண்ணாடியில் தலைகீழாக நிற்கும் உலகத்தைப் பார்த்துவிட்டால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

பெண்டாட்டி விஜிதாவை மட்டும் அதில் எடுத்ததே இல்லை. "வேப்பமரத்துக்கு இருக்க மதிப்பு எனக்கு இல்ல" என்பாள். "வெளிச்சம் அமையலட்டி" என்பான். கல்யாணமான நாளிலிருந்து வெளிச்சம் அமையவில்லையாம்!

போன வருஷம் அவன் வயிற்றில் புற்று என்றார்கள். திருநெல்வேலியில் ஊசி மருந்து ஏற்றினார்கள். அடுத்த வாரம் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், இந்தத் தடவை திரும்பி வருவது நிச்சயமில்லை. அதற்குமுன் விஜிதாவை ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று குருசாமி தவித்தான். நோய் வந்ததிலிருந்து அவள் அவன் எதிரில் சிரித்துக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரியிலும் கூடவே இருந்து சிரிக்கப்போகிறாள், அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. போன் படங்களிலும் அதே சிரிப்பு. இந்தப் பெட்டியின் முன்னால் அந்தச் சிரிப்பு செல்லாது. மூச்சை அடக்கி உட்கார உட்காரச் சிரிப்பு தானாக வடிந்துபோய், சொந்த முகம் வெளியே வரும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்துக்கொண்டு கிடக்க அவனுக்கு அந்த முகம் வேண்டும்.

பிரிட்ஜில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் கடைசிப் பிலிம் தாள் ஒன்று இருந்தது. வெளிச்சம் புகாதபடி குளியலறைக் கதவிடுக்கில் துண்டுகளைத் திணித்துவிட்டு விஜிதா கேட்டாள்.

"நானும் உள்ள வாரேங்க. ரெண்டு கை கூட இருந்தா நல்லதுல்லா?"

"பழகுன கைக்குத் தெரியாதா? நீ வெளிய நில்லு."

கும்மிருட்டில் பிலிமை எடுத்தான். அதன் மூலையில் சின்ன வெட்டு ஒன்று இருக்கும். அது வலது மேல்மூலையில் கைக்குத் தட்டுப்பட்டால் படம் பதிகிற மருந்துப் பக்கம் நம்மைப் பார்க்கிறது என்று அர்த்தம். குருசாமி தடவினான். ஒன்றும் தட்டுப்படவில்லை. விரல் நுனிகள் மரத்துப்போய் மாதங்கள் ஆகியிருந்தன. விரல் மரத்திருக்கிறதா என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்டார். ஆமென்றால் ஊசி மருந்தைக் குறைத்துவிடுவார்களோ என்று பயந்து இல்லையென்றே சொன்னான். விஜிதாவிடமும் சொல்லவில்லை. திருப்பித் திருப்பித் தடவினான். கடைசியில் இதுதான் வெட்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தாளை வெளிச்சம் புகாத உறைக்குள் செருகிவிட்டான்.

அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தான். கண்ணாடியில் தலைகீழாக வந்தவள் முதலில் சிரித்தாள். "அசையாத, லென்ஸைப் பாரு" என்று சொல்லி, அவன் பிலிம் உறையைப் பெட்டியில் மாட்டிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றான். சிரிப்பு வடிந்தது. பயந்துபோன, தூங்காத, அவனை இப்போதே இழந்துகொண்டிருக்கிற ஒருத்தி அங்கே இருந்தாள். குருசாமி லென்ஸ் மூடியைத் திறந்து, ஒரு விநாடியில் மூடினான்.

மறுபடி இருட்டில் பிலிமை வெளிச்சம் புகாத டப்பாவுக்குள் போட்டு மூடினான். அவன் சொல்லச் சொல்ல மருந்துகளை அவள் ஊற்றினாள். கழுவி எடுத்த தாளைக் கொல்லையில் வானத்துக்கு நேரே பிடித்தாள்.

"இது நானா? புகை கணக்கா இருக்கு."

குருசாமிக்குப் பார்த்த உடனே விளங்கிவிட்டது. பிலிமைப் பின்பக்கமாகப் போட்டிருக்கிறான். வெளிச்சம் முதுகு வழியாகப் புகுந்து, முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஓர் அழுக்கு மட்டும் படிந்திருந்தது.

"வேற பிலிம் வரவழைச்சு எடுப்போம்" என்று அவள் சிரித்தாள்.

"அதுக்குள்ள நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருவேன். இருந்தாலும் என்னால முடியாதுட்டி. விரல்ல உணர்ச்சியே இல்ல."

"எப்பத்துலருந்து?"

"ரெண்டாவது ஊசியிலருந்து."

அவள் சிரிப்பு நின்றது. "டாக்டர் கேட்டப்பல்லாம் இல்லேன்னியளே! சொல்லியிருந்தா மருந்த மாத்தியிருப்பாவள்லா? கதவுக்கு வெளியதான நின்னேன், என்னயவாது கூப்பிட்டிருக்கலாமுல்லா?"

விஜிதா அவனுடைய வலதுகையைத் தன் மடிக்கு இழுத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்தாள். குருசாமி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோதுதான், அவள் அந்த விரல்களை நகம் பதிய அழுத்திக் கிள்ளிக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது.