ஏழாம் நம்பர் கட்டிலின் உறவினர்

பதினேழு வருடமாக வெளிநாட்டில் ஏழைபாழைகளின் வயிற்றைத் திறந்து மூடிக்கொண்டிருந்த டாக்டருக்கு, ஒரு திங்கட்கிழமை மத்தியானம் சொந்த வயிறு வலிக்க ஆரம்பித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. நோயாளி வலி என்றால் உடனே படுக்க வைத்து அமுக்கிப் பார்ப்பவர், தன் வயிறு சொன்னதை மட்டும் வாயு என்று தட்டிக்கழித்தார். தொப்புளைச் சுற்றித் திரிந்த வலி, மறுநாள் காலை வலப்பக்கம் கீழே இறங்கி, வாடகைக்கு வீடு பிடித்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. குடல்வால். மாணவர்களைக் கூப்பிட்டுப் பாடம் எடுக்கும் அளவுக்குத் தெளிவான குடல்வால்.

அந்த ஆஸ்பத்திரியில் மொத்தமே இரண்டு டாக்டர்கள். இவரை விட்டால் பிரசவ டாக்டரம்மாதான். அவர் அமுக்கிப் பார்த்தார். இவர் போட்ட கூச்சலில் வாசலில் நின்ற ஆடு கலைந்து ஓடியது.

"இன்னிக்கே எடுத்துடணும். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஜீப்புல ஒன்பது மணி நேரம். அந்த ரோட்டுல நாலாவது பள்ளத்துலயே வெடிச்சிடும்" என்றார் டாக்டரம்மா. "நான் குடல்வால் எடுத்து ஆறு வருஷம் ஆச்சு. பரவால்ல, குழந்தைன்னு நினைச்சு எடுத்துடறேன்."

பெரிய சிஸ்டர் ஊசி போட்டார், ட்ரிப்ஸ் ஏற்றினார், கத்தி கத்தரிக்கோலைக் கொதிக்க வைத்தார். பிறகு சம்மதப் படிவத்தை அட்டையில் செருகிக் கொண்டுவந்தார். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

"கீழ, உறவினர் கையெழுத்து" என்றார் சிஸ்டர்.

இது டாக்டர் எழுதிய விதி. பல வருடங்களுக்கு முன், வீட்டுக்குத் தெரியாமல் ஒருவருக்கு ஆபரேஷன் செய்யப்போய், யாரைக் கேட்டு அறுத்தீங்க என்று ஒரு தெருவே திரண்டு வந்துவிட்டது. அன்று சாயங்காலமே டாக்டர் எழுதி, ஆபரேஷன் அறைக் கதவில் ஒட்டினார்: உறவினர் நேரில் வர வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், உள்ளிருந்து எடுத்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும், நோயாளி எழுந்து நடக்கும்வரை கூட இருக்க வேண்டும். போனில் சொன்னால் செல்லாது. யாருக்கும் விலக்கு கிடையாது. கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு.

"எனக்கு இங்க யாரு இருக்கா சிஸ்டர்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"நான் எழுதின விதி. நானே ரத்து பண்றேன். நான் தலைமை டாக்டர்."

"காலையில எட்டு மணி வரைக்கும். இப்ப நீங்க ஏழாம் நம்பர் கட்டில்." சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "ரத்து பண்ணலாமான்னு எட்டாம் நம்பரைக் கேட்டுப் பாருங்க."

எட்டாம் நம்பர், சந்தையில் மூட்டை தூக்குபவர். குடலிறக்கம். அவருக்கு இருந்த ஒரே சொந்தம் அக்கா மகன், எங்கேயோ மலைக்கு அந்தப் பக்கம். அவன் வரும்வரை மனிதர் ஒன்பது நாள் அடிவயிற்றைப் பிடித்தபடி வராந்தாவில் படுத்திருந்தார். தினமும் ரவுண்ட்ஸ் போகும்போது டாக்டர், "சொந்தக்காரர் வந்தாச்சா?" என்று கேட்பார். இல்லை என்றால் அடுத்தவரைப் பார்க்கப் போய்விடுவார். பத்தாம் நாள் அக்கா மகன் வந்தான், கைநாட்டு வைத்தான், தைத்த மறுநாள் இவர் நாலடி நடந்ததுமே போய்விட்டான்.

டாக்டர் எட்டாம் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். மூட்டைக்காரர் நாகரிகமாக மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் ஊரில் இருக்கும் அக்காவுக்கு போன் போட்டார்.

"முப்பது வருஷமா கல்யாணம் பண்ணிக்கோடா, பண்ணிக்கோடான்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன்" என்றாள் அக்கா. "ஒரு கையெழுத்துக்காவது ஆகியிருக்குமா, இல்லியா?"

"அக்கா, வலிக்குது."

"உடனே கிளம்பினாலும் நாளன்னிக்குத்தான்டா வர முடியும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இத்தனை வருஷம் அந்த ஜனங்களுக்குத்தானே உழைச்சே? எங்காளுன்னு சொல்ல ஒருத்தர்கூடவாடா இல்ல?"

டாக்டர், சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார். சிக்னல் பிரமாதமாக இருந்தது. அவர் கிண்ணத்தை இழுத்து வாந்தி எடுத்தார்.

எட்டாம் கட்டில் கிறீச்சிட்டது. மூட்டைக்காரர் தையலைக் கையால் தாங்கிக்கொண்டு இறங்கினார். "சிஸ்டர், அந்த அட்டையைக் குடு."

"நீங்க யாரு?"

"அண்ணன்."

"கூடப் பொறந்தவரா?"

"பக்கத்துக் கட்டில்."

சிஸ்டர் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். காது இரண்டிரண்டு என்பதைத் தவிர ஒரு பொருத்தமும் இல்லை.

"ஜாடை இருக்கு" என்றார் மூன்றாம் கட்டிலில் இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருந்தவர்.

விதியில் ரத்தப் பரிசோதனை கேட்கவில்லை. சிஸ்டர் அட்டையை நீட்டினார். மூட்டைக்காரர் உடனே கைநாட்டு வைத்துவிடவில்லை. முழுவதையும் படித்துக் காட்டச் சொன்னார். ரத்தம் போகலாம், சீழ் பிடிக்கலாம் என்று சிஸ்டர் படிக்கப் படிக்க, "செத்தும் போவானா?" என்று டாக்டர் முன்னாலேயே விசாரித்தார்.

"ஐயா, சீக்கிரம் வைங்க" என்றார் டாக்டர்.

"அவசரப்படாத தம்பி. நான் ஒன்பது நாள் பொறுக்கலையா?"

அதைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான்.

இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்க வைத்து ஆபரேஷன். டாக்டருக்கு நினைவு இருந்தது. அதுதான் எல்லோருக்கும் தொந்தரவு. "இன்னும் கொஞ்சம் மேல" என்று அவர் யோசனை சொல்ல, "நோயாளி பேசக் கூடாது" என்றார் சிஸ்டர். விதிப்படி, எடுத்ததைத் தட்டில் வைத்துக் கதவருகே காட்டினார்கள். விரல் பருமன்.

"இத்தனூண்டுக்கா அந்தக் கத்து?" என்று வெளியே குரல் கேட்டது.

மறுநாள் டாக்டர் பேனாவும் காகிதமும் கேட்டு வாங்கினார். வெகுநேரம் எழுதினார், அடித்தார், எழுதினார். கடைசியில் ஒரே ஒரு வரி தேறியது: 'யாரும் இல்லாதவருக்குப் பக்கத்துக் கட்டில் போதும், அதுவும் காலி என்றால் டாக்டரே உறவு.' சிஸ்டர் படித்துவிட்டுப் பசை எடுக்கப் போனார்.

டாக்டர் எட்டாம் கட்டில் பக்கம் திரும்பினார். "ஐயா, அந்த ஒன்பது நாள்... நான் பண்ணினது..."

"படுடா. தையல் பிரிஞ்சுடும்."

அன்று மூட்டைக்காரரை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நாள். தம்பி இன்னும் நடக்கவில்லை, விட்டுவிட்டு எப்படிப் போவது என்று மறுத்துவிட்டார். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஆறாம் கட்டிலைப் பார்க்க வந்த பெண்மணியிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"என் தம்பிதான். பெரிய படிப்பு. ஆனா பிடிவாதம்னா பிடிவாதம், சொன்னா ஏறாது. யாரும் இல்லாத வளர்ப்பு, என்ன பண்றது. மனசுல ஒண்ணும் கிடையாது."

வளர்ப்பைப் பற்றிச் சொன்னதை டாக்டர் மறுத்திருக்கலாம். அதற்கு எழுந்து உட்கார வேண்டும். உட்கார்ந்தால் அண்ணன் திட்டுவார். கண்ணை மூடித் தூங்குவதுபோல் பாவனை செய்தார்.

"பாவம், அசந்துட்டான்" என்று மூட்டைக்காரர் போர்வையை இழுத்துவிட்டார்.