நாலு விரல் மடிப்பு

தையல்காரியின் மகளுடைய கல்லறை, அவள் இறந்த மூன்றாம் வருடம் ஒரு சாண் நீண்டிருந்தது. முதலில் கண்டவர் குழிவெட்டி. புல் செதுக்கிக்கொண்டு வந்தவர், தலைமாட்டுச் சிலுவை வைத்த இடத்திலேயே இருக்க, கால்மாட்டுக் கல் மட்டும் தள்ளிப் போயிருப்பதைப் பார்த்தார். மழைக்கு மண் இளகியிருக்கும் என்று நினைத்து அதைப் பழைய இடத்துக்கு இழுத்து வைத்தார். மறுவாரம் கல் மறுபடி தள்ளிப் போயிருந்தது. கால்மாட்டுக்கு அடுத்து இருந்தது ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருடைய கல்லறை. உயிரோடு இருந்த காலத்தில் தேவாலய பெஞ்சில் யாருக்கும் நகர்ந்து இடம் கொடுத்துப் பழக்கமில்லாத மனிதர், இப்போது தன் சலவைக்கல்லோடு அந்தப் பிள்ளைக்காக ஒரு சாண் ஒதுங்கிப் படுத்திருந்தார். குழிவெட்டி இதைத்தான் பெரிய அதிசயமாக எல்லோரிடமும் சொன்னார்.

இதற்கெல்லாம் காரணம் ஒரு மடிப்பு. தையல்காரியின் கடை பள்ளிக்கூடத் தெருத் திருப்பத்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஒரு மிஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, கழுத்தில் இஞ்சு டேப் தொங்க அவள். அதற்கு மேல் அங்கே காற்றுக்கும் இடமில்லை. குழந்தைத் துணி எதைத் தைத்தாலும் கீழ் ஓரத்தில் நாலு விரல் துணியை உள்ளே மடித்து விடுவாள். பிள்ளை வளர வளர அந்த மடிப்பைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். “வளர்ற பிள்ளை” என்பாள், கேட்டாலும் கேட்காவிட்டாலும். பிரித்த இடத்தில் வெயில் படாத துணி ஒரு பட்டையாகப் பளிச்சென்று தெரியும். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருடைய சீருடையிலும் அந்தப் பட்டை இருந்தது. அன்றைக்கு அதைப் பார்த்து வெட்கப்பட்டவர்கள் இன்றைக்கு அதை நினைத்து ஏங்குகிறார்கள். இப்போதெல்லாம் துணி சின்னதாகிவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குகிறோம், நம்மை யாரும் வளர்கிற பிள்ளை என்று சொல்வதில்லை.

அவளுக்கு ஒரே மகள். மிஷினுக்கு அடியில் வெட்டுத்துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து கிடைத்த நூலையெல்லாம் சிக்கலாக்கி வைப்பாள் என்பதால் தெருவே அவளை நூல்கண்டு என்று கூப்பிட்டது. இரண்டாம் வகுப்பு படிக்கையில் காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்தாள். அடக்கத்துக்கு உடுத்தும் கவுனை வேறு கை தொடக் கூடாது என்று தையல்காரியே மிஷினில் உட்கார்ந்தாள். வெள்ளைத் துணி. அளவெடுக்கத் தேவையிருக்கவில்லை, கைக்கே தெரிந்திருந்தது. பிள்ளைக்கு உடுத்துகிறபோதுதான் அவள் நாத்தனார் கவனித்தாள்.

“அண்ணி, இதுக்கு எதுக்கு மடிப்பு விட்டீங்க?”

தையல்காரி கவுனின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கைப்பழக்கம்” என்றாள். பிரிக்க நேரமில்லை, மனமும் வரவில்லை. பிள்ளை மடிப்போடுதான் மண்ணுக்குள் போனது.

கல்லறை நீண்ட செய்தி பாதிரியாருக்குப் போனது. நல்ல மனிதர், ஆனால் நீளமான பிரசங்கக்காரர். அவர் பேசத் தொடங்கினால் கைக்குழந்தைகள் மட்டும்தான் விழித்திருக்கும். விசுவாசிகளுக்குச் சாவு கிடையாது, கடைசி நாளில் எக்காளம் ஊதும்வரை ஒரு தூக்கம்தான் என்று ஒவ்வொரு அடக்கத்திலும் சொல்வார். வந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். குழிவெட்டிதான் எடுத்துக்கொடுத்தார்: “நீங்கதானே ஃபாதர் தூக்கம்னு சொன்னீங்க. தூங்குற பிள்ளை வளரத்தானே செய்யும்?” தூங்குகிற குழந்தையைத் தொடாதே, தூக்கத்தில்தான் வளரும் என்று சொன்ன தாய் பாதிரியாருக்கும் இருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடிந்தது.

தையல்காரிக்கு முதலில் வந்தது சந்தோஷம். கடையில் யார் வந்தாலும் மகள் வளர்ந்துவிட்டதைச் சொன்னாள், மற்ற தாய்மார்களும் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு பயம் பிடித்துக்கொண்டது. ஒரு சாண் வளர்ந்த பிள்ளைக்கு நாலு விரல் மடிப்பு எந்த மூலைக்கு? எல்லோரும் எழுந்து நிற்கப்போகிற அந்த நாளில், அத்தனை சனத்துக்கு நடுவில், தன் மகள் மட்டும் அக்குள் இறுக்கும் சின்னக் கவுனை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு கூசி நிற்பாள். ஊருக்கெல்லாம் தைத்தவளின் மகள். இதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கல்லறையைத் திறந்து வேறு துணி உடுத்தட்டுமா என்று பாதிரியாரிடம் கேட்டாள். தூங்குகிற பிள்ளையை எழுப்பும் உரிமை ஒருவருக்குத்தான் உண்டு என்று அவர் சொல்லிவிட்டார். அவள் புருஷன் பஸ் டிரைவர். கல்லறைத் தோட்டத்தைத் தாண்டித்தான் அவர் தடம். தினமும் அந்த இடம் வந்ததும் எதிர்ப்பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவார். அடக்கத்துக்குப் பிறகு உள்ளே காலெடுத்து வைத்ததில்லை.

“உயிர்த்தெழுற அன்னைக்கு எல்லாருக்கும் புது வஸ்திரம் கொடுப்பாங்க. நீ ஏன் கிடந்து தவிக்கிற?” என்றார் அவர், சாப்பிட்டுக்கொண்டே.

“ரெடிமேடா? யாரு வந்து அளவெடுத்தாங்க?”

“கடவுளுக்குத் தெரியாத அளவா?”

“தெரியும். அம்மா நான் இருக்கும்போது அவர் எதுக்குங்க தைக்கணும்?”

அதற்குப் பிறகு வருடாவருடம் உயிர்ப்பு ஞாயிறு நெருங்கும்போது, குழிவெட்டி டேப்பின் ஒரு நுனியைச் சிலுவையடியில் பிடிக்க, தையல்காரி மறுநுனியைக் கால்மாட்டுக்கு இழுத்து அளவெடுத்தாள். நீளம் தெரிந்தால் தோளும் மார்பும் அவளுக்குக் கணக்குத்தான். கவுன் போய்ப் பாவாடை சட்டை வந்தது, அது போய் நீள அங்கி வந்தது. எல்லாம் அலமாரியில் தொங்கின. நூல்கண்டோடு படித்த பெண்கள் கடைக்கு வந்தால் இப்போது சட்டைக்கு என்ன மாதிரிக் கை வைத்துத் தைக்கிறார்கள் என்று விசாரித்துக்கொள்வாள். பதினைந்து வயதில் பெண்கள் அம்மா சொல்வதைக் கேட்கமாட்டார்கள் என்பதால், அந்த வருடம் மட்டும் தனக்குக் கொஞ்சமும் பிடிக்காத நிறத்தில், முணுமுணுத்துக்கொண்டே தைத்தாள். டிரைவர் இதையெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்றார். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு கட்டு ஹேங்கர் வாங்கி வந்து அலமாரிக்குள் வைத்தார்.

பிறகு ஒரு வருடம் டேப் நகரவில்லை. அடுத்த வருடமும் அதே அளவு. மகள் அம்மாவைவிட இரண்டு விரல் உயரத்தில் நின்றுவிட்டாள், அப்பா வாகு. கணக்கு வாத்தியார் நிம்மதியாகக் காலை நீட்டியிருப்பார். தையல்காரி ஒரு வெள்ளை அங்கி வெட்டினாள், வாழ்க்கையிலேயே முதல்முறையாக மகளுக்கு மடிப்பு விடாமல் தைத்தாள். அன்றைக்கு அவள் அழுத அழுகை அடக்கத்தன்றுகூட அழாதது. பிள்ளை செத்ததற்கல்ல, வளர்ந்து முடிந்ததற்கு. பிள்ளை பெற்றவர்களுக்கு அந்த அழுகை தெரியும். அதன் பிறகு பார்வை மங்கியது, கடையை மூடினாள், மாடிப்படிக்குக் கீழே யாரோ செல்போன் பழுதுபார்க்க வந்து உட்கார்ந்தார்கள். சாகும்போது அவளுக்கு ஒரே கவலை. மகளுக்குப் பக்கத்தில் தன்னை வைக்க வேண்டும், அந்த அங்கியைத் தன் கையில் கொடுத்தனுப்ப வேண்டும், கூடவே ஊசி, நூல், கத்தரி. “இடுப்புல கொஞ்சம் பிடிச்சு விட வேண்டியிருக்கும்” என்று நாத்தனாரிடம் சொன்னாள். அங்கி மகளுக்குப் போய்ச் சேருமா என்பது தெரியாமலேதான் கண்ணை மூடினாள். கேட்டபடியே எல்லாவற்றையும் அவள் கையில் வைத்து, மகளுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

அந்த வருடம் உயிர்ப்பு ஞாயிறு விடிந்தபோது டிரைவர் கல்லறைத் தோட்டத்துக்குள் போனார், மனைவிக்காக. மகளின் கல்லறைமேல், அடக்கத்தன்று அவளுக்கு உடுத்திய அந்த வெள்ளைக் கவுன் இருந்தது. துவைத்து, இஸ்திரி போட்டு, நான்காக மடித்து வைத்திருந்தது. மண் வாசனைகூட இல்லை. பிரித்துப் பார்த்தார். நாலு விரல் மடிப்பும் இறக்கப்பட்டு, அந்தப் பட்டை பளிச்சென்று தெரிந்தது. ஓரத்தைப் புதிதாகக் கையால் தைத்திருந்தார்கள். தையல்காரியின் தையல் இல்லை. பக்கத்தில் ஆள் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கப் புதிதாகப் பழகும் கை. ஓரிடத்தில் நூல் சிக்கலாகி நின்றிருந்தது.

குழிவெட்டி மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து பார்த்தார். “புதுசு போய்ச் சேர்ந்துருச்சு போல. பழசைத் திருப்பி அனுப்பிட்டாங்க” என்றார்.

டிரைவர் கவுனை முகத்தில் வைத்துக்கொண்டு சத்தமாகவே அழுதார். இத்தனை வருடம் அடக்கி வைத்திருந்தது அது. அழுது முடித்ததும் நேராகத் தங்கை வீட்டுக்குப் போய் அவள் பேத்திக்கு அதைக் கொடுத்தார். “நல்ல துணி. வீணாப் போகக் கூடாது” என்றார். நாத்தனார் கவுனை வாங்கிச் சின்னதுக்குப் போட்டுப் பார்த்தாள். தோள் சரியாக இருந்தது, நீளம்தான் கூடுதலாகிக் காலைத் தட்டியது. ஊசியில் நூல் கோத்து, கீழ் ஓரத்தை நாலு விரல் உள்ளே மடித்துத் தைக்க ஆரம்பித்தாள்.

“எதுக்கு மடிக்கிறீங்க?” என்று பிள்ளை கேட்டது.

“வளர்ற பிள்ளை” என்றாள் அவள்.

பிள்ளை அன்றைக்கே அதை உடுத்திக்கொண்டு தேவாலயத்துக்குப் போனது. அந்தக் கவுன் அதற்குப் பிறகு இரண்டு வருடம் நன்றாக உழைத்தது.