துபாயிலிருந்து மூன்றே மணி நேரத்தில்

காலை ஏழு மணிக்கு வளவன் போன் செய்தான்.

"அக்கா, துபாய் ஏர்போர்ட்ல ஃப்ளைட் ஏறிகினு இருக்கேன். போனை அணைக்கச் சொல்றாங்க. நீ புள்ளைக்கு மொட்டை அடிச்சிடு. நான் சாயங்காலமா வந்துடறேன்."

"ஆங், அடிச்சிடுவேன்! தாய்மாமன் மடி இல்லாம என் புள்ள தலையில கத்தி படாதுடா. பத்தரையோட நல்ல நேரம் போனா போவட்டும்." அனிதா அழுதேவிட்டாள்.

பத்து மணிக்குத் திருத்தணி சரவணப் பொய்கைக்கு அருகே, மொட்டையடிக்கும் மண்டபத்து வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவன் சாட்சாத் வளவன்!

"இன்னா மச்சான், பைலட்டை எழுப்பிட்டு நீயே ஓட்டிகினு வந்துட்டியா?" என்றான் அனிதாவின் கணவன் பரணிதரன்.

"அக்கா அழுதா மனசு தாங்குமா பாவா?"

எல்லோரும் சிரித்தார்கள், அனிதாவைத் தவிர. தம்பி கிளம்பும்போதெல்லாம், போன் மேப்பில் கடலைத் தாண்டும் அந்தக் குட்டி விமானப் படத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவள் அவள். கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீட்டர். ஆகாயத்தில் மட்டுமே நாலு மணி நேரம். அப்புறம் சென்னையிலிருந்து ரோட்டில் இரண்டு மணி நேரம்.

"அங்க கடிகாரம் ஒண்ணரை மணி நேரம் பின்னால ஓடுதும்மா, அந்த லாபம்தான்!" என்று விளக்கம் சொன்னார் சிங்காரம் சித்தப்பா.

"போன் அடிச்சது நம்ம வூட்டுல சித்தப்பா. நம்ம கடிகாரத்துல மணி ஏழு" என்றாள் அனிதா.

சிரிப்பு நின்றது.

"எப்படா வந்தே?"

வளவன் தரையைப் பார்த்தான். "போன மாசமே வந்துட்டேன்க்கா. அம்பத்தூர்ல, மாமியார் வூட்டுல இருந்தேன்."

போன மாசம்! அம்மா கன்னியம்மாளுக்குப் போன வாரம்தான் இதய ஆபரேஷன். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போதும் "தம்பி வந்துட்டானா?" என்றுதான் கேட்டாள். இவனோ வீடியோ காலில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று, லீவு தரமாட்டேங்கறாங்க என்று குலுங்கிக் குலுங்கி அழுதான். அவனுக்கு அனிதாதான் ஆறுதல் சொன்னாள்.

"வந்திருந்தா ஆஸ்பத்திரியிலயே மாட்டிக்குவேன்க்கா. இருக்கிறதே கொஞ்சம் லீவு..."

"மாட்டிக்குவியா?"

குழந்தையின் தலையை நனைத்துக்கொண்டிருந்த நாவிதர் நிமிர்ந்தார். "மாமன் வந்தாச்சு இல்ல? உக்காரச் சொல்லும்மா, நேரம் போவுது."

வளவன் அவசரமாகப் பலகையில் உட்கார்ந்து கையை நீட்டினான்.

"எழுந்திரு."

"அக்கா, எல்லாரும் பாக்கறாங்க..."

"பாக்கட்டும். எழுந்திருடா!"

அவன் எழுந்ததும் அவளே உட்கார்ந்தாள். வீறிட்ட குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "நீங்க கத்தியை வெய்யுங்க."

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதக்கா." முதுகுக்குப் பின்னால் வளவனின் குரல் கெஞ்சியது.

அனிதா திரும்பவில்லை.

"உனக்கு லீவு கெடைக்கணும்னு அது இன்னும் சாமியை வேண்டிகினு படுத்திருக்குது. போய் நீயே சொல்லு."