கபாசோவின் நேற்றைய குரல்

லுவான்ஷ்யாவில் மினிபஸ் நடத்துநனாக இருந்த கபாசோ பேசியது, அவனுடைய முப்பத்தெட்டாம் வயதிலிருந்து, மறுநாள்தான் கேட்டது. எந்த இடத்தில் நின்று பேசினானோ அதே இடத்தில், அதே மணிக்கு. பக்கத்து நகரத்துக்கு ஆள் ஏற்ற, தினமும் காலை ஆறு மணிக்கு "ந்தோலா, ந்தோலா, ஏறு ஏறு" என்று ஒரே கூவலைக் கூவுகிறவன் என்பதால் முதல் மூன்று வாரம் யாரும் கவனிக்கவில்லை. போதையில் எழுந்திருக்க முடியாமல் அவன் வேலைக்கு வராத ஒரு திங்கட்கிழமை, குரல் மட்டும் வந்து பேருந்தை நிரப்பியது; கட்டணம் வாங்க ஆளில்லை. முதலாளி வேறு ஆளைப் போட்டார். பதினைந்து வருஷம் கச்சாசுச் சாராயம் குடித்தால் சிலருக்குக் கல்லீரல் போகும், சிலருக்குக் கால் வீங்கும், கபாசோவுக்குக் குரல் பின்தங்கிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டோம்.

வீட்டில் அது வேறு மாதிரி இருந்தது. அந்தியில் வந்து அவன் திட்டும்போது வாய் அசைவது மட்டும் தெரியும். மறுநாள் அந்தியில், அவன் சாராயக் கடையில் இருந்தாலும், அடுப்படியில் ன்ஷிமாச் சோளக்களி கிளறிக்கொண்டிருக்கும் மனைவி லொம்பேயின் காதில் அத்தனையும் விழும். மகள் முவீலா அந்த நேரம் பார்த்துத் தண்ணீர்க் குழாய்க்குப் போய்விடப் பழகினாள். ஒரு சனிக்கிழமை லொம்பே மூட்டையைக் கட்டி, மகளைக் கூட்டிக்கொண்டு, கப்வேயில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். கபாசோ வாசலில் மறித்து வாயை அசைத்தான். "என்னத்தச் சொல்றியோ, நாளைக்கு நீயே கேட்டுக்கோ," என்று அவள் போய்விட்டாள். அப்படியே நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, காலி வீட்டின் வாசலில், "போகாத லொம்பே, விட்டுடறேன், சத்தியமா விட்டுடறேன்," என்று தன் குரல் கெஞ்சுவதை அவன் ஒருவனே உட்கார்ந்து கேட்டான். அந்தக் குரலை அவனாலேயே நம்ப முடியவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

குடியை விட்டவர்கள் வாரம் ஒருமுறை எங்கோ கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான். எழுதிக் காட்டிக் கேட்டிருக்கலாமே என்பவர்கள் குடிகாரனின் கை காலையில் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்ததில்லை. ஆகவே ஓரிடத்தில் கேட்பான், மறுநாள் அதே இடத்துக்குப் பதிலுக்குப் போவான். சாராயக் கடையில் சிரித்தார்கள். யாரோ கைகாட்டிய தேவாலயக் கூடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் அங்கே நடப்பது பாடகர் குழுவின் ஒத்திகை என்று தெரிந்தது. பன்னிரண்டாம் நாள், பேருந்து நிலையத்தில் தேநீர் விற்கிற, ஊரே கசுபாவின் அம்மா என்று கூப்பிடுகிற பெண், தன் பெஞ்சுக்கு மேல் காற்றில் எழுந்த கேள்வியைக் கேட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். கபாசோ எதிரே நின்றுகொண்டிருந்தான்.

"இதுக்கா நேத்து வாய வாய அசைச்ச? பசிக்குதாக்கும்னு ரொட்டியில்ல குடுத்தேன்!" என்றாள். பிறகு தணிந்த குரலில், "வியாழக்கிழமை அஞ்சு மணி. ஆரம்பப் பள்ளிக்கூடத்துல கடைசி வகுப்பு. நானும் வருவேன், தம்பி. நான் விட்டு ஒம்பது வருஷம் ஆச்சு."

பதினோரு பேர் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி, குடிநோயைச் சொல்லி, அந்த வாரம் போன விதத்தைச் சொன்னார்கள். கபாசோ தன் முறைக்கு எழுந்து ஏழு நிமிஷம் பேசினான். ஒரு சத்தமும் இல்லை. யாரும் சிரிக்கவில்லை, முடித்ததும் மற்றவர்களுக்குச் சொன்னது போலவே அவனுக்கும் நன்றி சொன்னார்கள். மறுநாள் காலி அறையில் தன் குரல் சுவர்களிடம் பேசப்போவதை நினைத்தான். கேட்க ஒரு ஆளாவது இருக்கட்டும் என்று மறுநாள் தானே அங்கே போனான்.

பதினோரு பேரும் இருந்தார்கள். கசுபாவின் அம்மா பிளாஸ்க்கோடு வந்திருந்தாள். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்த தையல்காரர், "உக்காருப்பா, இன்னும் நாலு நிமிஷம் இருக்கு," என்றார். ஐந்தே காலுக்குக் குரல் வந்தது. "என் பேரு கபாசோ. நான் குடிகாரன். எம் மக காய்ச்சல்ல கெடந்தப்ப மருந்து வாங்கப் போனேன். ரெண்டு நாள் கழிச்சு வெறுங்கையோட வந்தேன். அப்பவும் அவ, அப்பா வந்துட்டாருன்னு சிரிச்சா." கபாசோ வாயை மூடிக்கொண்டு, தன்னைக் கேட்கிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஏழு நிமிஷத்துக்கு நன்றி சொல்லும் வழி தனக்கு இன்னும் தெரியவில்லை என்று கபாசோ பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறான். அதையும் நாங்கள் மறுநாள்தான் கேட்டோம்.

அன்றிலிருந்து எல்லோருக்கும் வியாழன், கபாசோவுக்கு வெள்ளி என்றானது. இரண்டாம் மழைக்காலத்தில் ஒருமுறை வழுக்கி மறுபடி குடித்துவிட்டான். பதினோரு பேரும் சாராயக் கடைக்கே போய் அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பித்தார்கள். டயருக்குப் பஞ்சர் ஒட்டும் வேலை கிடைத்தது. கை நடுக்கம் நின்றது. குரல் மட்டும் பழையபடிதான்.

நான்காம் வருஷம், முவீலாவின் பள்ளி விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க லொம்பே வந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு கபாசோ முற்றத்தில் நின்று வாயை அசைத்தான். அவள் அவனை வெகுநேரம் பார்த்தாள்.

"நாளைக்கு இதே நேரமா?" என்றாள். அவன் தலையசைத்தான். "சரி. பஸ் நாளைக்கும் இருக்கு."

மறுநாள் அதே இடத்தில் நின்று அவன் குரலைக் கேட்டாள். "வந்ததுக்கு ரொம்ப நன்றி, லொம்பே."

"நாலு வார்த்தைக்கு ஒரு நாளா, மனுஷா!" என்று சிரித்துவிட்டாள். ஆனால் அன்று காலை தேநீர் கொடுக்கும்போதும் அவன் ஏதோ சொல்லியிருந்தான். அதைக் கேட்க அன்றும் தங்க வேண்டியதாயிற்று. மூன்றாம் நாளும் அப்படியே. விடுமுறைக்கு முவீலாவும் வந்து சேர்ந்தாள். லொம்பே வந்து இப்போது பதினாறு வருஷம் ஆகிறது. எப்போது கிளம்புகிறாய் என்று யார் கேட்டாலும், அவளுக்கு இன்னும் ஒரு நாள் இருக்க வேண்டியிருக்கிறது.